'கேட்டுச் சொல்றேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

மருந்துக்கடையில் வேலைக்குச் சேரும் முதல் நாளே மறந்துவிட வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: 'கேட்டுச் சொல்றேன்.' இதை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் போதும். எதிரே நிற்கும் அம்மா, "என்னப்பா, ஒண்ணும் தெரியாத ஆளைப் போட்டிருக்காங்க" என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். கல்லாவில் இருக்கும் முதலாளி கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு உங்களைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் அடுத்த வருஷச் சம்பள உயர்வு கரைந்துபோகும்.

அனுபவசாலி என்றால் யார்? யாரையும் எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் செய்து முடிப்பவர். பிளஸ் டூ முடித்துவிட்டு, அல்லது முடிக்காமலே, மெடிக்கல், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, குடோன் என்று வேலை தேடும் தம்பி தங்கைகள் சீக்கிரம் அந்த நிலையை எட்டுவதற்காகவே இந்தக் கையேடு. நான்கு தொழிலையும் ஒன்றாகக் கட்டியதற்குக் காரணம் உண்டு. ஆட்கள் ஒரே ஆட்கள்தான். ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடையில் நின்றவர், தீபாவளி ஆன்லைன் விற்பனைக்குக் குடோனில் பெட்டி ஒட்டுவார். மழை பிடித்துக் காய்ச்சல் பரவினால் மெடிக்கலில் மாத்திரை எண்ணுவார். நான்கு இடத்திலும் பாடமும் ஒன்றேதான்.

1. சுவரில் மாட்டியிருப்பவரை அறிந்துகொள்ளுங்கள்

மெடிக்கலுக்குள் நுழைந்ததும் சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு சான்றிதழ் தெரியும். அவர்தான் உங்கள் பார்மசிஸ்ட். 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் வேலையைப் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே தருகிறது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, அவருடைய நேரடி மேற்பார்வையில்தான் சீட்டு மருந்து கைமாற வேண்டும். பல கடைகளில் அவர் வருவதில்லை. ஆனால் அவருடைய சான்றிதழ் ஞாயிறு, தீபாவளி பாராமல் வேலைக்கு வந்துவிடுகிறது.

அதனால் நீங்கள் முதலில் பயில வேண்டியது மருந்துகளின் பெயரை அல்ல. "இப்பதான் சாப்பிடப் போனார் சார்" என்பதைத்தான். டிரக் இன்ஸ்பெக்டர் காலை 10 மணிக்கு வந்தாலும் இதே பதில்தான், மாலை 5 மணிக்கு வந்தாலும் இதே பதில்தான். இப்படி நாள் முழுக்கச் சாப்பிடும் மனிதர் தொழிலில் இவர் ஒருவர்தான்.

நீங்களே டி.பார்ம் படிப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு வருஷப் படிப்புக்குப் பிறகு குறைந்தது 3 மாதத்தில் 500 மணி நேர நேரடிப் பயிற்சி வேண்டும். அதில் பாதியாவது சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பதில் கழிய வேண்டும் என்பது விதி. விவரம் தெரிந்தவர்கள் இந்த 500 மணி நேரத்தை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிடுவார்கள். தெரிந்த கடை, தெரிந்த முதலாளி, ஒரு கையெழுத்து, ஒரு சீல். அந்த 3 மாதத்தில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையெல்லாம், பிற்பாடு நோயாளி உங்களிடம் கேட்பார்.

2. சீட்டை முகர்ந்து படியுங்கள்

மருந்தின் பெயரைத் தெளிவாக, முடிந்தால் கேப்பிடல் எழுத்துகளில் எழுதுங்கள் என்று 2016-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் டாக்டர்களுக்கு விதி வகுத்தது. பல சீட்டுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. முதல் எழுத்து 'எம்' போல இருக்கும், அப்புறம் ஒரு அலை, கடைசியில் ஒரு வால்.

அந்த அலை மெட்ஃபார்மினா, மெட்ரோனிடசோலா? முன்னது சர்க்கரைக்கு, பின்னது வயிற்றுக் கிருமிக்கு. இங்கேதான் பழைய ஆட்களின் கைப்பழக்கம் தெரியும். அவர்கள் பெயரைப் படிப்பதே இல்லை, சுற்றிலும் இருப்பதைத்தான் படிப்பார்கள். 500 என்று இருந்து, மாதக் கணக்கில் எழுதியிருந்தால் சர்க்கரை. 400 என்று இருந்து, ஐந்து நாளோடு நின்றால் வயிறு. ஹைட்ராக்சிசினா, ஹைட்ராலசினா என்று குழப்பமா? சீட்டின் தலைப்பில் தோல் டாக்டர் பெயர் இருந்தால் அரிப்புக்கான முதலாவது, இதய டாக்டர் பெயர் இருந்தால் ரத்த அழுத்தத்துக்கான இரண்டாவது. ஒரு சீட்டை இப்படி நான்கு பக்கத்திலிருந்தும் பார்ப்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தருவதில்லை, கவுண்டர்தான் தருகிறது.

ஆனால் பழைய ஆட்களில் ஒருசிலர் இதற்கு மேலும் ஒன்று செய்வார்கள். "எதுக்கும்மா டாக்டரைப் பாத்தீங்க?" என்று நோயாளியையே கேட்டுவிடுவார்கள். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் சீட்டில் இருக்கும் கிளினிக் நம்பருக்குப் போன் போடுவார்கள். இந்தக் கெட்ட பழக்கம் உங்களைத் தொற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலையைப் பார்த்த மறுநொடி கை ரேக்குக்குப் போக வேண்டும். பின்னால் வரிசை நிற்கிறது.

3. கவரில் கோடு போடுங்கள்

மாத்திரையை எண்ணிச் சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பது தனிக் கலை. கவரில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கும். உணவுக்கு முன், உணவுக்குப் பின் என்று இன்னும் இரண்டு. எந்தக் கட்டத்தில் எத்தனை என்று பேனாவால் ஒரு கீறு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடப் புரிந்துகொள்வார். நல்ல ஏற்பாடு.

ஒருநாள் மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதிய சீட்டு ஒன்று வரும். அது தினமும் சாப்பிடும் மாத்திரை அல்ல, வாரத்துக்கு ஒரே நாள். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். காலை இருக்கிறது, மதியம் இருக்கிறது, இரவு இருக்கிறது, கிழமைக்கு மட்டும் கட்டம் இல்லை. கை தன்பாட்டுக்குக் 'காலை 1' என்று கீறிவிடும்.

இந்த ஓர் இடத்தில் மட்டும் கையேட்டை மூடி வையுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் சாப்பிட்டால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரியும், உயிரே போகும். உலகம் முழுக்க இந்த ஒரே தவறால் ஆட்கள் செத்திருக்கிறார்கள். கவரின் பின்பக்கத்தில் 'ஞாயிற்றுக்கிழமை மட்டும்' என்று, டாக்டர் எந்தக் கிழமை சொன்னாரோ அந்தக் கிழமையைப் பெரிதாக எழுதுங்கள். வாங்க வந்தவரையே அதை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கிழமை எழுதாத சீட்டாக இருந்தால், பார்மசிஸ்ட்டோ டாக்டரோ சொல்லும்வரை அந்த மாத்திரை உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. "கேட்டுச் சொல்றேம்மா, அஞ்சு நிமிஷம் உக்காருங்க." முதலாளி முறைத்தால் முறைக்கட்டும்.

சரி, கையேட்டைத் திறந்துகொள்ளலாம்.

4. சீட்டில்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்

உங்கள் வாடிக்கையாளரில் பாதிப்பேர் சீட்டோடு வர மாட்டார்கள். "போன தடவை குடுத்தியே தம்பி, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை" என்பார்கள். கடையில் இருக்கும் மாத்திரைகளில் முக்கால்வாசி சின்னது, வெள்ளை. சிலர் காலி அட்டையைக் கொண்டுவருவார்கள், அதிலும் பெயர் இருக்கும் பக்கம் கிழிந்திருக்கும். சிலர் செல்போனில் போட்டோ காட்டுவார்கள். அது பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையாக இருக்கும்.

அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். அனுபவசாலிகளுக்கு அது ஒரு அலங்காரக் கோடு. காய்ச்சலா, ஆன்டிபயாட்டிக் ரெண்டு. தொண்டை வலியா, ஆன்டிபயாட்டிக் ரெண்டு. "அஞ்சு நாளைக்கு வேணாம் தம்பி, ரெண்டு மட்டும் கொடு, சரியாயிடும்" என்று அவரே அளவும் சொல்லிவிடுவார். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. பாக்டீரியாக் காய்ச்சல் என்றாலும் ரெண்டு மாத்திரைக்குச் சாகாமல் தப்பித்த கிருமி, அடுத்த முறை அந்த மருந்துக்கு அசையாது. அதெல்லாம் அடுத்த முறை கதை. இன்றைக்குக் கல்லா நிறைந்தது.

2014 மார்ச்சிலிருந்து 'எச்-1' என்று ஒரு அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் எல்லாம் அதில் வரும். இவற்றை விற்றால் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். எழுத வேண்டிய நேரம் விற்கும் நேரம்தான். அனுபவசாலிகள் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று வாட்ஸ்அப்பில் தகவல் வந்த இரவில் உட்காருவார்கள். நீல மை ஒன்று, கறுப்பு மை ஒன்று வைத்துக்கொண்டு நாளுக்கு நாள் மாற்றிப் போடுங்கள். கையெழுத்தைக் கொஞ்சம் சாய்த்தும் நிமிர்த்தியும் எழுதுங்கள். நாடகத்துறையில் சேர வேண்டி வந்தால் இந்தப் பயிற்சி அங்கேயும் உதவும்.

5. கத்தரியை எந்தப் பக்கம் வைப்பது

அட்டையில் நாலு மாத்திரை மட்டும் வெட்டிக் கொடுக்க வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுவீர்கள்? இதைக் கேள்வி என்றே நினைக்காதவர்தான் அதிகம். பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரி தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில் அடித்திருக்கும். எதிர் ஓரத்திலிருந்து வெட்டினால் கடைசி மாத்திரை விற்கும்வரை தேதி கடையில் இருக்கும். தேதி இருக்கும் பக்கத்தையே முதலில் வெட்டினால், மிச்சம் ஆறு மாத்திரை பிறந்த நாளும் தெரியாமல், போகும் நாளும் தெரியாமல் டப்பாவுக்குள் அனாதையாகக் கிடக்கும். வருஷக் கணக்கில் கிடந்தாலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. சிக்கனம் தெரிந்த முதலாளிகளுக்கு இரண்டாவது முறைதான் பிடிக்கும்.

அட்டையில் மாதமும் வருஷமும் மட்டும் போட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள்வரை மருந்து செல்லும். இது விதி. ரேக்கில் அடுக்கும்போது சீக்கிரம் காலாவதியாவதை முன்னால் வைக்க வேண்டும், புதுச் சரக்கைப் பின்னால் தள்ள வேண்டும். இதுவும் விதி. ஆனால் ஸ்டாக்கிஸ்ட் பையன் பெட்டியை இறக்கிவிட்டு "சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கண்ணா" என்று நிற்கும்போது, கைக்கு எட்டும் இடத்தில் புதுசை வைப்பதுதான் மனித இயல்பு. பின்னால் போன பழசு, ஆயுத பூஜைக்கு ரேக் துடைக்கும்போது மாலை மரியாதையோடு வெளியே வரும்.

6. ஆஸ்பத்திரியில் நிறம் பார்க்காதீர்கள்

ஆஸ்பத்திரி வேலையில் முதல் பாடம், உங்களுக்குப் பெயர் கிடையாது. "தம்பி", "யப்பா", "ஏ, ஸ்ட்ரெச்சர்" என்று கூப்பிடுவார்கள். மூன்றுக்கும் திரும்பிப் பாருங்கள். நோயாளியை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, கூட வரும் உறவினர் பத்து கேள்வி கேட்பார். டாக்டரிடம் கேட்கத் தயங்கியதையெல்லாம் உங்களிடம்தான் கேட்பார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் அறுவைச் சிகிச்சை பற்றிக்கூட அபிப்பிராயம் கேட்பார். தைரியமாகச் சொல்லுங்கள். 'சிஸ்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்' என்றால் மரியாதை போய்விடும் அல்லவா?

அடுத்தது குப்பைத் தொட்டி. 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி நான்கு நிறம். ரத்தம் பட்ட பஞ்சு, காலாவதி மருந்து மஞ்சளில். கையுறை, டியூப், ஊசி கழற்றிய சிரிஞ்சு சிவப்பில். ஊசி, பிளேடு போன்ற கூரானவை எல்லாம் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். கண்ணாடிக் குப்பி நீலத்தில். சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கும். இரவு 2 மணிக்கு, ஒரு வார்டுக்கு ஒரே ஆளாக நிற்கும்போது, எந்தத் தொட்டி நிரம்பவில்லையோ அதுதான் சரியான நிறம் என்று உங்களுக்கே புலப்படும்.

அப்படி ஒருநாள் சிவப்புப் பையைக் கட்டும்போது, அதில் இருக்கவே கூடாத ஊசி ஒன்று விரலில் குத்தும். கையேட்டின் வழிமுறை: ஒரு பஞ்சால் துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். சொன்னால் "கவனமா இருக்க மாட்டியா?" என்று திட்டு விழும். சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவி, உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லி, பதிவு செய்து, அந்த ஊசி எந்த நோயாளிக்குப் போட்டது என்று விசாரித்து, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்தைத் தாண்டாமல் தொடங்குவதெல்லாம் கோழைகள் செய்வது. கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது ஆஸ்பத்திரியின் கடமை என்று அதே 2016 விதிகள் சொல்கின்றன. "எனக்கு எப்ப சார் போடுவீங்க?" என்று கேட்டவர்களை மறுநாள் வேறு ஷிப்டுக்கு மாற்றிவிடுவார்கள். அது மட்டும் கேட்காமலே நடக்கும்.

7. ஜவுளிக்கடையில் முழங்காலை மறந்துவிடுங்கள்

இங்கே மூலதனம் கால்கள். கடை திறப்பதிலிருந்து சாத்தும்வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் சாயலாமா? சுவரில் கேமரா இருக்கிறது. கேமராவுக்கு எதிரே அலமாரி இருக்கிறது. அலமாரியில் சேலை இருக்கிறது. மடித்ததைப் பிரித்து மறுபடி மடியுங்கள்.

கல்யாணக் கூட்டம் ஒன்று வரும். பெண், அம்மா, அத்தை, சித்தி, தங்கை, அத்தையின் சம்பந்தி. "அரக்கு கலர்ல, ஆனா அரக்கா இருக்கக் கூடாது" என்பார் அத்தை. பிரித்துப் போட்ட பட்டுகள் இடுப்பளவு குவிந்த பிறகு, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரட்டும்" என்று எழுந்து போவார்கள். நீங்கள் சிரித்த முகத்தோடு, "மறுபடியும் வாங்கம்மா" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு மடிக்கத் தொடங்க வேண்டும். கரை மேலே தெரிய, முந்தானை உள்ளே போக, ஒரு அட்டையின் அகலத்துக்கு.

2021-இல் தமிழக அரசு 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஊழியர்கள் வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்று அது சொல்கிறது. கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. மனிதனுக்கு உட்காரும் உரிமை உண்டு என்பதைச் சட்டமன்றத்தில் வைத்து நிறைவேற்ற வேண்டியிருந்தது. நிறைவேற்றிய பிறகு பல கடைகளுக்கு ஸ்டூல் வந்தது. பாலிதீன் உறை பிரிக்காமல் மூலையில் அடுக்கியிருக்கும், அதன்மேல் ஸ்டாக் பெட்டி இருக்கும். "அண்ணாச்சி, அந்த ஸ்டூலை எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிடாதீர்கள். அதே சட்டத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் என்றால் இரட்டைச் சம்பளம் என்றும் இருக்கிறது. ஒன்றைக் கேட்டால் மற்றதும் ஞாபகம் வந்துவிடும்.

மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது ஒரு பட்டுப்புடவை குறைந்தால், அந்தப் பிரிவில் நின்ற எல்லார் சம்பளத்திலும் பிரித்துப் பிடிப்பது வழக்கம். நீங்கள்தான் காரணம் என்று காட்டி, பதில் சொல்ல வாய்ப்பும் தந்த பிறகே சம்பளத்தில் கை வைக்கலாம் என்பது சட்டம். வழக்கத்துக்கு வயது அதிகம், அதனால் மரியாதையும் அதிகம்.

8. குடோனில் கடிகாரத்தோடு ஓடுங்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம் பக்கம் நீண்ட நீண்ட தகரக் கூரைகள் முளைத்திருக்கின்றன. உள்ளே உங்கள் கையில் ஒரு ஸ்கேனரைக் கொடுப்பார்கள். இனி உங்கள் மேனேஜர் அதுதான். எந்த ரேக், எந்தப் பின், எத்தனை என்று அது சொல்லும். எடுங்கள், பீப். அடுத்தது, பீப். இரண்டு பீப்புக்கு நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் அது குறித்துக்கொள்ளும். தண்ணீர் குடித்தால் அதற்கு பீப் கிடையாது. ஆகவே நீங்கள் தண்ணீர் குடித்ததாகக் கணக்கு இல்லை, சும்மா இருந்ததாகத்தான் கணக்கு. 2024-இல் அரியானாவின் மானேசரில் ஒரு குடோனில், டார்கெட் முடியும்வரை கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் போக மாட்டோம் என்று தொழிலாளர்களிடம் உறுதிமொழி வாங்கியதாகச் செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. உறுதிமொழி வாங்கும் அளவுக்கு மேனேஜருக்கு நேரம் இருந்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

மருந்துக் குடோன் என்றால் கூடுதலாகக் கொஞ்சம் நகைச்சுவை உணர்வு வேண்டும். பெட்டியில் '30 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்' என்று அச்சடித்திருக்கும். மே மாதம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெளியே 40 டிகிரி. பெட்டி உங்களைப் பார்க்கும், நீங்கள் பெட்டியைப் பார்ப்பீர்கள். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் ஐஸ் பாக்கெட்டோடு ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். ஒருமுறை உறைந்த இன்சுலினைத் திரும்ப உருகவைத்தாலும் பயன்படுத்தக் கூடாது. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் அனுபவசாலிகள் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஒழுங்காக நடக்கும் குடோன்களைப் பார்த்துக் கெட்டுப்போகாதீர்கள் என்றும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. சரக்கு வந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டியதுதானே? அனுப்புவதில்லை. பேட்ச் வாரியாக மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறியது என்று பதில் வந்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள். பெட்டி பெட்டியாக மருந்தை வைத்துக்கொண்டு ஒரு அரசு நிறுவனமே 'கேட்டுச் சொல்றேன்' என்கிறது. பல மாநிலங்கள் இந்த முறையைப் பார்த்துத் தங்களுக்கென்று கழகம் தொடங்கின. சொன்னேன் இல்லையா, தொற்றிக்கொள்ளும் பழக்கம் அது.

9. சம்பள நாளில் கவரைப் பிரிக்காதீர்கள்

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. 12,000 ரூபாய் சம்பளத்துக்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 390 ரூபாய். இந்த 480 ரூபாய்க்கு உங்களுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். இதனால்தான் பல கடைகளில் வேலை செய்பவர் எத்தனை பேர் ஆனாலும் பதிவேட்டில் மட்டும் ஒன்பது பேர். பத்தாவது ஆள் நீங்கள். ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துக்கொண்டு காய்ச்சலுக்குக் காசு கொடுத்து வைத்தியம் பார்க்கும் அந்தப் பெருமை பத்தாவது ஆளுக்குத்தான் கிடைக்கும்.

பதிவேட்டில் பெயர் இல்லாததால் அனுபவச் சான்றிதழும் கிடையாது. வேலை மாறும்போது "எங்கே வேலை பார்த்தே?" என்பார்கள். கடை பெயரைச் சொல்லலாம், கடை உங்கள் பெயரைச் சொல்லாது. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த அனுபவம் கடைசியில் உங்கள் முழங்காலிலும் முதலாளியின் கல்லாவிலும்தான் பதிவாகியிருக்கும்.

10. நேர்முகத்தில் கேட்கவே கூடாதவை

வேலை கேட்டுப் போகும் இடத்தில் தப்பித்தவறியும் வாயில் வந்துவிடக் கூடாத கேள்விகள் இவை. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அப்போதுதான் மறக்காமல் தவிர்க்க முடியும்.

மெடிக்கலில்: "பார்மசிஸ்ட் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை கடையில் இருப்பார்? அவர் இல்லாத நேரத்தில் சீட்டு வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?"

ஆஸ்பத்திரியில்: "ஹெபடைட்டிஸ் தடுப்பூசி எப்போது போடுவீர்கள்? ஊசி குத்தினால் ராத்திரியில் யாரிடம் சொல்ல வேண்டும்?"

ஜவுளிக்கடையில்: "உட்கார ஸ்டூல் எங்கே இருக்கும்? 8 மணி நேரத்துக்கு மேல் நின்றால் கணக்கு எப்படி?"

குடோனில்: "டார்கெட் எவ்வளவு? எத்தனை கிலோவரை தனியாகத் தூக்க வேண்டும்? தண்ணீர் எங்கே இருக்கிறது?"

எல்லா இடத்திலும்: "என் பெயர் பதிவேட்டில் எந்தத் தேதியிலிருந்து இருக்கும்? வேலையில் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும்?"

இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல் இருந்தால் பெரும்பாலான இடங்களில் அன்றைக்கே வேலை கிடைத்துவிடும். எல்லாவற்றையும் கேட்ட பிறகும், "நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடுப்பா" என்று ஒரு முதலாளி சொன்னால், சம்பளம் ஐந்நூறு ரூபாய் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.